பயணம் முடிந்து வந்து புது வேலை: நாள் இன்னும் கைக்குள் வரவில்லை

நிலாவெளிப் பனை
ஓகஸ்ட் 16, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். இந்த மாதம் முதலாம் திகதி திருகோணமலை டவுனில் ஒரு தனியார் கந்தோரில் கணக்குப் பகுதியில் சேர்ந்தேன். வேலை பிடித்திருக்கிறது. கூட இருப்பவர்களும் நல்ல மாதிரி. ஆனால் நாள் மட்டும் கைக்குள் வருகிறதாக இல்லை. அதைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன்.

கொழும்பில் நான் செய்த இரண்டு வருட ஒப்பந்த வேலை மே மாதத்தோடு முடிந்தது. புது இடத்தில் ஓகஸ்டில்தான் வரச் சொன்னார்கள். இடையில் கிடைத்த நாட்களில் ஊர் சுற்றினேன். பெரியம்மாவோடு உகந்தை போய், அங்கிருந்து காட்டுப் பாதையால் கதிர்காமம் முருகன் கோயிலுக்குப் பாத யாத்திரையாக நடந்தேன். பிறகு இரண்டு சிநேகிதிகளோடு எல்ல, அங்கிருந்து ரயிலில் நானுஓயா, கடைசியாக யாழ்ப்பாணமும் நெடுந்தீவும்.

நடந்த நாட்களில் விடிய மூன்றரைக்கு எழும்பினேன். அலாரம் இல்லை, போனில் சார்ஜே இல்லை. பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா ஒருவர் பாயைச் சுருட்டுகிற சத்தம் கேட்கும். இருட்டுக்குள் யாரோ "அரோகரா" என்பார். நானும் எழும்பி நிற்பேன். வெயில் ஏறமுன் போகிற தூரத்தைப் போய்விட்டுப் பத்து மணிக்குப் பிறகு மரத்தடியில் சரிந்துவிடுவோம். பெரியம்மா ஒவ்வொரு இரவும் படுக்கமுன் போத்தலில் தண்ணீர் நிரப்பித் தலைமாட்டில் வைப்பார். செருப்பை அடுத்த நாள் போகிற திசைக்குத் திருப்பி வைப்பார். அதைச் செய்யாமல் அவர் கண் மூடியதை நான் பார்க்கவில்லை.

இப்போது என் வீட்டில், என் கட்டிலில், மூன்று அலாரம் அடித்தும் ஏழு மணிக்கு முன் எழும்ப முடியவில்லை. எட்டரைக்குக் கந்தோர். ஏழு இருபது பஸ்ஸை ஓடிப் பிடிக்கிறேன். காலையில் சாப்பாடு இல்லை, பதினொரு மணிக்குத் தலையிடி. ஐந்துக்கு வேலை முடிந்து வீடு வர ஆறரை ஆகிவிடும். குளித்துச் சாப்பிட்டுப் போனைக் கையில் எடுத்தால் பன்னிரண்டு மணி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நித்திரை.

ஊருக்குள் இருந்து டவுனுக்கு வேலைக்குப் போகிற நீங்கள் நாளை எப்படி ஒழுங்குபடுத்துகிறீர்கள்? டவுனிலேயே ஒரு அறை எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். அம்மாவுக்கு அது விருப்பமில்லை.

உவர்மலை ஐயா
ஓகஸ்ட் 16, இரவு 10.05

பிள்ளை, முதலில் ஒன்று. இரண்டு கிழமைக்குள் உன்னையே குறை சொல்லத் தொடங்காதே. புது இடம் என்றால் மூளை நாள் முழுக்க வேலை செய்கிறது. யார் எந்த மேசை, எந்தக் கோவை எங்கே, வவுச்சருக்கு யார் கையெழுத்து, தேநீர் எத்தனை மணிக்கு, எல்லாமே புதிது. பழைய ஆட்கள் கை போன போக்கில் செய்வதை நீ நினைத்து நினைத்துச் செய்கிறாய். அதனால் வருகிற களைப்பைச் சோம்பல் என்று எண்ணக் கூடாது.

நான் வங்கியில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். முதல் நியமனம் கந்தளாயில். ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தேன். தெரியாமல் கேட்ட கேள்வியையும் அதற்குக் கிடைத்த பதிலையும் ஒரே வரியில் எழுதுவேன். ஒரு நாளைக்கு ஒரு வரியாவது இருக்கும். அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்கத் தேவை வரவில்லை. மூன்றாம் மாதம் புதிதாக வந்த ஒரு தம்பி என்னிடம் வந்து கேட்டான், நான் கொப்பியைத் திறக்காமலே சொன்னேன். அன்றுதான் அந்தக் கந்தோர் என்னுடையது போல இருந்தது.

அறை எடுப்பது பற்றி இப்போது முடிவு எடுக்காதே. மூன்று மாதம் போகட்டும்.

துறைமுக இரவு
ஓகஸ்ட் 17, அதிகாலை 2.40

நான் ஆலையில் ஷிஃப்ட் வேலை. இப்போது இடைவேளை. மூன்று வருடமாக ஷிஃப்ட் மாறி மாறிச் செய்கிறேன், நித்திரை விஷயத்தில் அடிபட்டுப் படித்ததைச் சொல்கிறேன்.

எழும்பினவுடன் வெளியே வந்து வெளிச்சத்தில் நில்லுங்கள், பதினைந்து இருபது நிமிடம். உடம்புக்குள் இருக்கிற மணிக்கூட்டை அதுதான் திருத்துகிறது. மூடிய அறைக்குள் லைட்டைப் போட்டால் அந்த வேலை நடக்காது. அடுத்தது தேநீர். பின்னேரம் ஐந்து மணிக்குக் குடித்தால் அதிலுள்ள கஃபீனில் பாதி இரவு பத்து மணிக்கும் உடம்பில் நிற்கும். மூன்று மணிக்குப் பிறகு வேண்டாம். சனி, ஞாயிறில் வழமையை விட ஒரு மணித்தியாலம் கூடப் படுக்கலாம், அதற்கு மேல் படுத்தால் திங்கட்கிழமை உடம்பு ஒத்துழைக்காது.

இன்னொன்று, இது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பயணத்தை மறந்துவிடுங்கள். கூடப் போனவர்களோடு வாட்ஸ்அப் குழு இருந்தால் சத்தம் இல்லாமல் வையுங்கள், பயணப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம். இரவு பன்னிரண்டு வரை போனில் எதைப் பார்க்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் எனக்கு விளங்குகிறது.

நிலாவெளிப் பனை
ஓகஸ்ட் 17, பகல் 12.50

சரியாகத்தான் சொல்கிறீர்கள் அண்ணா, பாதி நேரம் அந்தப் படங்கள்தான். தேநீரை இன்றே நிறுத்துகிறேன். ஆனால் பயணத்தை மறக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காட்டுக்குள் என் உடம்பு ஒழுங்காக இருந்தது. அது எப்படி நடந்தது என்று பிடிபட்டால் இங்கேயும் செய்யலாம் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டால் வேறு எதைப் பிடிப்பது?

ஐயா, கொப்பி வாங்கிவிட்டேன்.

கிண்ணியாக் கரை
ஓகஸ்ட் 17, இரவு 8.15

தங்கச்சி, நான் கிண்ணியாவிலிருந்து டவுனுக்குப் பதினெட்டு வருடமாக வேலைக்குப் போய் வருகிறேன். என் கதையைக் கேளுங்கள்.

2009 ஒக்டோபர் வரைக்கும் எங்களுக்குப் பாலம் இல்லை. பாதைதான். வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். ஒன்றை விட்டால் அது அக்கரை போய்த் திரும்பும் வரை வெயிலிலோ மழையிலோ நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் நான் ஒரு நாளும் பிந்தவில்லை. பாதை கரையை விட்டு விலகும்போது அதன் வாய்ப்பலகை கிறீச்சென்று எழும்பும். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டிலிருந்தே கால் ஓடும். உம்மா பிளேன்டீயை வாசலில் நீட்டிக்கொண்டு நிற்பார்.

பாலம் திறந்தார்கள். 396 மீற்றர், மோட்டார் சைக்கிளில் ஒரு நிமிடம். அல்ஹம்துலில்லாஹ், எத்தனை நோயாளிகள், எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தப் பாலத்தால் பிழைத்தார்கள். ஆனால் நான் வேலைக்குப் பிந்தத் தொடங்கினது அதற்குப் பிறகுதான். எப்போது வெளிக்கிட்டாலும் போகலாம் என்றால் மனுசன் கடைசி நிமிடத்தில்தான் வெளிக்கிடுவான். ஆறு மாதத்தில் இரண்டு தடவை கூப்பிட்டுக் கதைத்துவிட்டார்கள்.

வாப்பாதான் திருத்தினார். விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்கு வா, தொழுத பிறகு திரும்பப் படுக்காதே, வேறு எதையும் மாற்ற வேண்டாம் என்றார். பள்ளியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே வரிசையில் நிற்போம். ஒரு நாள் நான் போகவில்லை என்றால் பின்னேரம் அஸர் தொழுகைக்குக் காணும்போது உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். அதற்காகவே எழும்பினேன். இப்போது பழகிவிட்டது.

உங்களுக்கும் காத்திருக்காத ஒன்று வேண்டும். ஏழு இருபது பஸ்ஸை விட்டால் அடுத்தது வரும் என்று தெரியும், அதனால்தான் அலாரத்துக்கு உடம்பு மசியவில்லை. கதிர்காமப் பாதையில் கூட்டம் உங்களுக்காக நிற்காது, அதுதான் வித்தியாசம்.

சாம்பல்தீவு அக்கா
ஓகஸ்ட் 17, இரவு 9.30

எல்லாரும் காலையைப் பற்றியே கதைக்கிறீர்கள். காலை இரவில்தான் கெடுகிறது.

நான் இரண்டு பிள்ளைகளின் தாய், நகரத்தில் தாதியாக வேலை. என் வீட்டில் நாள் தொடங்குவது பின்னேரம் ஏழு மணிக்கு. அடுத்த நாளுக்குத் தேங்காய் துருவி வைத்துவிடுவேன். மீனைக் கழுவி உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பெட்டியில் போட்டுவிடுவேன். புட்டுக்கு மா வறுத்தே இருக்கும். உடுப்பு மினுக்கித் தொங்கும். பஸ் காசு சில்லறையாக எண்ணிக் கைப்பையின் வெளிப் பையில் இருக்கும். காலையில் நான் யோசிக்க வேண்டியது ஒன்றும் இருக்காது, கை மட்டும் வேலை செய்யும். உங்கள் பெரியம்மா போத்தலையும் செருப்பையும் வைத்ததும் இதற்காகத்தானே. எழும்பினவுடன் எதைத் தேடுவது என்ற கேள்வி அவருக்கு இல்லை.

பகல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். முதல் மாதத்தில் கடைப் பார்சல் பழகினால் சம்பளத்தில் ஒரு துண்டு அதிலே போய்விடும், மத்தியானம் நித்திரையும் வரும். லஞ்ச் ஷீட்டில் சோறும் பருப்பும் ஒரு சுண்டலும் போதும்.

அறை எடுக்க வேண்டாம். நிலாவெளியில் இருந்து டவுன் 15 கிலோமீற்றர்தான். தனி அறையில் பன்னிரண்டு மணிக்குப் போனை வாங்கி வைக்க ஆள் இல்லை.

கணக்குப் பெட்டி
ஓகஸ்ட் 18, காலை 7.10

ஒரே துறை என்பதால் எழுதுகிறேன். மனிதவளப் பகுதியிலும் சில வருடம் இருந்தேன். புதிதாகச் சேர்ந்த பலர் இதைக் கேட்பதே இல்லை.

1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலை நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. நீங்கள் சேர்ந்த மாதத்தைப் பொறுத்துத்தான் அடுத்த வருட விடுமுறை. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு 14 நாள், ஏப்ரல் முதல் ஜூனுக்குள் 10, ஜூலை முதல் செப்டெம்பருக்குள் 7, அதற்குப் பிறகு 4. ஆகவே உங்களுக்கு அடுத்த ஆண்டில் 7 நாள் வருடாந்த விடுமுறை. தற்செயல் விடுமுறை இந்த வருடம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, அதாவது டிசம்பர் வரை 2 நாள்தான். அடுத்த ஆண்டிலிருந்து 7. இதைத் தெரிந்துகொண்டு அடுத்த கோடைப் பயணத்தைத் திட்டமிடுங்கள். உகந்தையிலிருந்து நடக்கிறதென்றால் வருடாந்த விடுமுறை முழுக்க அதற்கே போய்விடும், வேறு எங்கும் கை வைக்காதீர்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், நிறுவனம் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) நிறுவனம் தனியாக 3 வீதம். உறுப்பினர் இலக்கத்தை முதல் மாதமே கேட்டு வாங்குங்கள். நான் முதல் வேலை செய்த இடத்தில் பதினான்கு மாதம் 8 வீதத்தைக் கழித்தார்கள், நிதிக்கு ஒரு சதமும் கட்டவில்லை. சம்பளத் துண்டுகளை ஒரு உறையில் சேர்த்து வைத்திருந்ததால் தொழில் அலுவலகத்தில் காட்டி முழுவதையும் எடுக்க முடிந்தது. துண்டை எறிந்தவர்கள் மிகவும் அலைந்தார்கள்.

நிலாவெளிப் பனை
ஓகஸ்ட் 18, இரவு 8.40

2 நாள்தான் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. வெருகல் திருவிழாவுக்கு லீவு கேட்கலாம் என்று இருந்தேன். சனி, ஞாயிறிலேயே போய் வருகிறேன். உறுப்பினர் இலக்கம் இன்று கேட்டேன், இந்தக் கிழமை தருவதாகச் சொன்னார்கள்.

கோணேசபுரி மாணவன்
ஓகஸ்ட் 19, பின்னேரம் 4.15

ஒரு விஷயம் உதவக்கூடும். 21 நாளில் பழக்கம் வரும் என்று பலர் சொல்வார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து 12 கிழமை ஓர் ஆய்வு செய்தார்கள். ஒவ்வொருவரும் தாங்களே ஒரு சின்ன விஷயத்தைத் தெரிவு செய்து, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்ய வேண்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிப்பது போல. நினைக்காமலே கை போகும் நிலை வருவதற்குச் சராசரியாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் குலையவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த முடிவு.

துறைமுக இரவு
ஓகஸ்ட் 19, பின்னேரம் 5.00

தம்பி, 66 நாள் என்று சொன்னால் தொடங்க முதலே ஆள் களைத்துவிடும். எனக்கு ஒரு ஷிஃப்ட் ஒரு கிழமைதான், அதற்குள் மாற வேண்டும், மாறுகிறேன்.

கோணேசபுரி மாணவன்
ஓகஸ்ட் 19, பின்னேரம் 5.25

அண்ணா, நீங்கள் ஒரு கிழமையில் மாறுவது நித்திரை நேரம். பழக்கம் வேறு. உங்களுக்கு ஷிஃப்டுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது, ஆலையின் சைரன் உங்களுக்காக நினைக்கிறது. அக்காவுக்கு அப்படி எதுவும் இன்னும் அமையவில்லை. கிண்ணியா நானா சொன்னதும் அதையேதான் என்று நினைக்கிறேன்.

ஸ்காபரோவில் ஒரு திருமலையான்
ஓகஸ்ட் 21, காலை 6.30

இழையை முழுக்க வாசித்தேன். நான் ஜூலையில் பிள்ளைகளோடு ஊருக்கு வந்து நின்றுவிட்டுப் போன சனிக்கிழமைதான் கனடா திரும்பினேன். ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். இரவு இரண்டுக்குக் கண் முழித்துக்கொண்டு கிடக்கிறேன். வேலைக்கும் போகிறேன்.

ஊரில் நின்ற நாட்களில் அண்ணனும் நானும் பின்னேரத்தில் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு நடப்போம். மான்கள் தெருவில் குறுக்கே படுத்திருக்கும், விலத்திப் போக வேண்டும். மேலே போய்க் காற்றில் பத்து நிமிடம் நின்றுவிட்டு இறங்குவோம். அண்ணன் இப்போதும் அதே நேரத்துக்கு நடக்கிறார். அங்கே பின்னேரம் ஐந்தரை என்றால் இங்கே காலை எட்டு. வேலைக்குப் போகிற வழியில் அவரை அழைக்கிறேன், அவர் நடக்க நானும் நடக்கிறேன். காற்றுச் சத்தத்தில் பாதி விளங்காது. இந்தக் கிழமையில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுதான்.

நிலாவெளிப் பனை
செப்டெம்பர் 8, இரவு 8.30

மூன்று கிழமைக்குப் பிறகு வந்து எழுதுகிறேன். இந்த முறை என் பகல் எப்படிப் போகிறது என்று முழுக்கச் சொல்ல ஆசையாக இருக்கிறது.

கிண்ணியா நானா சொன்ன "காத்திருக்காத ஒன்று" மனதில் கிடந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார், அம்மா. அவர் விடிய ஐந்தரைக்குக் கரைவலையடிக்கு மீன் வாங்கப் போவார். நானும் வருகிறேன் என்றேன். "நான் கூப்பிட மாட்டேன், வாசலில் நின்றால் வா" என்றார். முதல் நாள் நான் முகம் கழுவி வர அம்மா படலையைத் தாண்டிப் போய்விட்டார். இருட்டில் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். அடுத்த நாள் வாசலில் நின்றேன்.

சின்ன வயதில் பார்த்ததுதான், இருந்தும் இத்தனை கிட்ட நின்று பார்த்ததில்லை. இரண்டு வரிசையாக ஆட்கள், வலைக் கயிற்றை இடுப்போடு பிடித்துப் பின்பக்கமாகவே அடி வைப்பார்கள். ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்குவார்கள். அந்தப் பாட்டின் இழுப்பில்தான் எல்லாக் காலும் ஒரே நேரத்தில் மணலில் புதைகிறது. வரிசையின் கடைசிக்கு வந்தவர் கயிற்றை விட்டுவிட்டு முன்னுக்கு ஓடித் தண்ணீருக்குள் இறங்கித் திரும்பவும் பிடிப்பார். வலையின் மடி கரைக்கு வரும்போது வெளிச்சம் வந்துவிடும். சூடை மீனும் கீரி மீனும் வெள்ளியாகக் கிடந்து துடிக்கும். அம்மா கையால் அள்ளிப் பார்த்து, கண் சிவந்ததைத் தள்ளிவிட்டு வாங்குவார். துறைமுக அண்ணா சொன்ன பதினைந்து நிமிட வெளிச்சம் எனக்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஆறுமணி கழிய வீடு. குளிக்க, அம்மா புட்டு அவிக்க, ஆறு ஐம்பது பஸ். ஏழரைக்கு டவுன். கந்தோர் திறக்க நேரம் இருப்பதால் டச்சுக் குடாக் கரையால் கொஞ்சம் நடந்துவிட்டுப் போகிறேன். தலையிடி வரவில்லை. பெரியம்மாவின் தண்ணீர்ப் போத்தலும் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. சாம்பல்தீவு அக்கா, சில்லறையும் எண்ணி வைக்கிறேன்.

ஐயாவின் கொப்பியில் 23 வரி சேர்ந்திருக்கிறது. போன வெள்ளி பக்கத்து மேசை அக்கா, திரும்பி வந்த காசோலையை எந்தப் பதிவில் போடுவது என்று கேட்டார். ஒன்பதாவது வரி. சொன்னேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. வெருகல் போய் வந்த திங்கட்கிழமை ஏழு பத்துக்குத்தான் கண் விழித்தேன், அம்மா மீனோடு வந்து குசினியில் நின்றார். அன்று முழுக்க மனம் கனத்தது. மாணவன் தம்பி எழுதினதை எடுத்துத் திரும்ப வாசித்தேன். அடுத்த நாள் வாசலில் நின்றேன்.

பின்னேரம்தான் இன்னும் பிடிபடவில்லை. வீடு வந்ததும் ஒரு வெறுமை. பயணத்தில் அந்த நேரத்தில்தான் எல்லாரும் சுற்றி இருந்து கதைப்போம்.

உவர்மலை ஐயா
செப்டெம்பர் 8, இரவு 9.10

ஒன்பதாவது வரி! பிள்ளை, இன்று எனக்கு நல்ல நித்திரை வரும்.

பின்னேரத்துக்கு அவசரப்படாதே. ஒன்று நிலைக்கட்டும், அப்புறம் மற்றது. என் மனைவியும் நானும் ஓய்வு பெற்ற புதிதில் மக்கெய்சர் மைதானத்துக்கு நடக்கப் போகத் தொடங்கியே ஒரு வருடம் கழிந்துதான் அது வழமையானது.

சாம்பல்தீவு அக்கா
செப்டெம்பர் 9, இரவு 9.00

வாசிக்க மனம் நிறைந்தது. இருந்தும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது தங்கச்சி. இது கச்சான் காற்றுக் காலம், கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. ஒக்டோபர் கழிய வாடை திரும்பும். இங்கே வருட மழையில் பாதிக்குக் கிட்ட நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்திலேயே கொட்டிவிடும். கரைவலை ஓய்ந்துவிடும், தோணி எல்லாம் மேட்டுக்கு ஏறும். அம்மா விடியக் கடற்கரைக்குப் போகமாட்டார். அப்போது உன்னை எழுப்பப் போவது யார்?

பயமுறுத்தவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு அப்படித்தான் நடந்தது. பின்னேரம் கடலோரம் நடப்பதும் மாடியில் உடுப்புக் காய்வதும் சேர்ந்து என் நாளை ஒழுங்காக வைத்திருந்தன. மாரி வந்து இரண்டையும் ஒரே கிழமையில் கொண்டு போய்விட்டது. ஈர உடுப்போடு வேலைக்குப் போய்க் காய்ச்சலில் விழுந்தேன். இப்போதே மாரிக்கும் ஒன்று யோசித்து வை.

கிண்ணியாக் கரை
செப்டெம்பர் 9, இரவு 9.45

அக்கா சொல்வது உண்மை. எங்களுக்குத் தொழுகை நேரம் சூரியனோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகரும், ஆனால் ஒரு நாளும் நிற்காது. மழை என்றால் குடையோடு பள்ளிக்குப் போவோம். காலநிலையில் தங்கியிராத ஆட்கள் யாரும் உங்கள் பக்கத்தில் இருக்கிறார்களா, பாருங்கள்.

நிலாவெளிப் பனை
ஒக்டோபர் 31, இரவு 8.10

அக்கா சொன்னது போலவே நடந்தது. போன கிழமையோடு கரைவலை நின்றுவிட்டது. வலையைக் காயப்போட்டுச் சுருட்டிக் கொட்டிலுக்குள் ஏற்றினார்கள், அம்மாவும் நானும் அதைப் பார்த்துவிட்டு வந்தோம். செவ்வாய் முழுக்க மழை. ஐந்து மணிக்குக் கண் விழித்தேன், ஓட்டில் மழைச் சத்தம், போக இடம் இல்லை, திரும்பப் படுத்துவிட்டேன். ஏழு இருபது பஸ்தான்.

அதில் போகும்போது ஒன்று தெரிந்தது. ஆறு ஐம்பது பஸ்ஸில் எங்கள் ஆட்கள் என்று ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். முன் இருக்கையில் ஒரு ரீச்சர், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்கிற அண்ணா, பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிற ஒரு பெரியவர். நான் அந்தப் பஸ்ஸில் ஏறாததைப் புதன்கிழமை மூன்று பேர் கேட்டார்கள். பேரன், "ஏன் நேற்று வரல்ல?" என்று முகத்துக்கு நேரே கேட்டான். உகந்தையில் பாய் சுருட்டுகிற சத்தம் நினைவு வந்தது. வியாழனும் வெள்ளியும் மழைக்குள்ளேயே ஆறு ஐம்பதுக்கு நின்றேன்.

பின்னேரமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. அந்த ரீச்சர் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். செவ்வாயும் வியாழனும் அவர் வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்பிக்கிறார். கணிதத்துக்கு என்னைக் கேட்டார், ஒத்துக்கொண்டேன். ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும், வீட்டுக்கு வந்தால் பசியும் நித்திரையும் ஒன்றாக வருகிறது.

நிலாவெளி வீதியில் காற்று அடித்துக் குடை இரண்டு தடவை மடங்கிவிட்டது. மழைக்கோட்டு வாங்கவா, நல்ல குடை வாங்கவா?

துறைமுக இரவு
ஒக்டோபர் 31, இரவு 9.15

மழைக்கோட்டு. குடை இந்தக் காற்றுக்கு நிற்காது. மேலும் கீழும் தனித்தனியாக உள்ளதாக வாங்குங்கள், பையையும் மூடுகிற அளவுக்குப் பெரிதாக.

பயணத்தை மறக்கச் சொன்னது என் பிழை தங்கச்சி.

சாம்பல்தீவு அக்கா
ஒக்டோபர் 31, இரவு 9.40

மழைக்கோட்டுக்குள் சம்பளத் துண்டையும் போனையும் தனிப் பொலித்தீன் பையில் போட்டு வை. செருப்பு ரப்பராக இருக்கட்டும், கந்தோருக்குப் போய் மாற்ற ஒரு சோடி அங்கேயே விட்டு வை.

எனக்குத் திங்கட்கிழமையிலிருந்து காலை முறை. நானும் அந்த ஆறு ஐம்பது பஸ்ஸில்தான் வருவேன், சாம்பல்தீவுச் சந்தியில் ஏறுவேன். பச்சைக் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் இடம் இருந்தால் பிடித்து வை.